நீண்ட நாள் நின்ற புல்லட்டை மீண்டும் இயக்குதல்

ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 இங்கிலாந்தின் ரெடிச் நகரில் உருவான, 346 சி.சி. ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுடன் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னை திருவொற்றியூரில் இதைத் தயாரித்தது.

ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியை எடுத்தவுடன் உதைக்கக் கூடாது. பிஸ்டன் ரிங்குகள் துருப்பிடித்து சிலிண்டரில் ஒட்டியிருக்கலாம். தனி அறையிலுள்ள ஆயில் கசிந்து கிராங்க் பகுதியில் தேங்கியிருக்கலாம். எனவே பிளக்கைக் கழற்றி, துளைவழியே சிறிது ஆயில் விட்டு ஊறவைத்த பின், கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். தேங்கிய ஆயிலை வடித்துப் புதியதை நிரப்ப வேண்டும். இன்ஜின்மேல் படிந்த பிசுக்கைத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டால், புதிய கசிவு எங்கே என்பது தெரியும்.

பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். டேங்க்கையும் ஜெட்டையும் கழுவ வேண்டும். பாயின்ட்டின் முனைகளைச் சுத்தம் செய்து, இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும்.

பாயின்ட் உள்ள வண்டியில், சாவி போட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயின்ட் திறக்கும்போது ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும். அப்போது டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக் கிக்கரைச் சற்றே தள்ளி, லிவரை விட்டு, முழுதாக உதைக்க வேண்டும். இந்த வரிசை தவறினால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைக் காயப்படுத்தலாம்.

சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்ஜின், சேசிஸ் எண்கள் ஆர்.சி. புத்தகத்துடன் ஒத்திருப்பது அவசியம். பெயின்ட் அடிக்கும்போது அந்த எண்களைத் தேய்த்துவிடக் கூடாது.