அரசு வளர்த்த ஏடும் தடுத்த ஏடும்

'உலை வாயை மூடலாம். ஊர் வாயை மூட முடியாது' என்பது பழமொழி. மூட முடியாத ஊர் வாயைத் தம் வயப்படுத்தப் பேரரசுகள் கையாண்ட கருவிகளுள் ஒன்று செய்தித்தாள். இணங்கிய ஏட்டைப் பொருள் கொடுத்து வளர்த்தலும், இணங்காத ஏட்டைத் தடுத்தலும் அவற்றின் இரு கைகளாக விளங்கின.

செர்மனியில் பிஸ்மார்க், ஹானோவர் மன்னரிடமிருந்து பறித்த செல்வத்தின் வருவாயைக் கொண்டு செய்தித்தாள்கள் பலவற்றிற்கு மறைவாகப் பொருள் வழங்கினார். அதனால் அரசின் கருத்து, மக்கள் கருத்தைப் போல வெளிவந்தது. 1875-இல் 'போர் வருமோ?' என்னும் பொருள்படப் பெர்லின் இதழொன்று எழுதிய கட்டுரை பிரான்சு நாட்டைத் திடுக்கிடச் செய்தது. அதன் பின்னால் பிஸ்மார்க்கின் கை இருந்ததென ஐரோப்பிய நாடுகள் கருதின. படை நகராமலே ஒரு தாள் அயல்நாட்டை அச்சுறுத்தியது.

இந்தியாவிலும் இம்முறை பழமையானதே. கல்கத்தாவில் 1780 சனவரியில் ஹிக்கி என்பார் தொடங்கிய இதழ் கம்பெனி ஆட்சியைக் குறைகூறியது. அவ்வாண்டு நவம்பரில், அதனை அஞ்சல் வழியே அனுப்பலாகாது என ஆணை பிறந்தது. அரசுக்கு இணங்கிய 'இந்தியா கெசட்' என்னும் போட்டி இதழோ அஞ்சல் சலுகை பெற்றது.

இவ்விரு கைகளின் வன்மையைப் புதுச்சேரி நன்கு அறியும். சென்னையில் 1906-இல் தோன்றிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் ஆங்கில ஆட்சியைச் சாடி எழுதினார். 1908-இல் அதன் வெளியீட்டாளராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் சிறைப்பட்டார். பாரதியார் புதுவையை அடைந்தார். அங்கு நடைபெற்றது பிரெஞ்சு ஆட்சி. ஆங்கிலேயர் சட்டம் அவ்வெல்லைக்குள் செல்லாது. ஆகவே, அவ்வாண்டு அக்டோபரில் 'இந்தியா' புதுவையிலிருந்து மீண்டும் வெளிவந்தது.

அச்சகத்தை அணுக இயலாத ஆங்கில அரசு, வாசகரை அடையும் வழியை அடைத்தது. இதழைப் படிப்போர் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் ஆண்ட தமிழ் மாவட்டங்களில் வாழ்ந்தனர். அங்கே இதழ் நுழையத் தடை விதிக்கப்பட்டது. 1910 பிப்ரவரியில் இயற்றிய அச்சுச் சட்டம், அஞ்சலில் வரும் ஏடுகளைத் தடுத்து வைக்கவும் அதிகாரம் அளித்தது. எழுதக் கை இருந்தும், அச்சிடப் பொறி இருந்தும், படிப்போரைச் சேர வழியின்றி 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது.

மறு கையும் ஓய்ந்திருக்கவில்லை. 1911-இல் வங்காள அரசு, நரேந்திரநாத் சென் என்பாரை ஆசிரியராகக் கொண்ட 'சுலப சமாச்சார்' என்னும் வங்கமொழி இதழுக்குப் பொருளுதவி அளித்தது. அரசு செலவில் நடைபெறும் ஏடு நடுநிலை கூறுமோ எனத் தேசிய இதழ்கள் அதனைக் கண்டித்தன.

அரசின் பொருளால் ஓர் ஏட்டை அச்சிடலாம், ஊரெங்கும் பரப்பலாம், ஆயின் படிப்போர் நம்பிக்கையை விலைக்கு வாங்குதல் அரிது. தடையுண்ட புதுவை ஏட்டைத் தமிழர் இன்றும் போற்றுகின்றனர். ஓர் ஏட்டைப் படிக்குங்கால், அது கூறுவது யாது என்பதோடு, அதனை நடத்தப் பொருள் தருவார் யாவர் என்பதையும் ஆராய்தல் அறிவுடையார் கடனாகும்.