கடல் கடந்து கலந்த சுவை

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் வீடுகளில் அன்றாடம் ஒலிக்கும் பழமொழி. உணவுக்கு உயிர் சுவையே. ஆனால் ஒரு நாட்டின் சுவை மற்றொரு நாட்டின் அடுப்பில் உயிர்பெற முடியுமா? முடியும் என்பதற்குப் பிரெஞ்சுச் சமையலும் ஜப்பானியச் சமையலும் கொண்ட நட்பே சான்றாகும். அக்கதையைச் சற்றே அறிவோமா, தோழியரே?

பாரிஸ் நகரத் தெருக்களில் 'பிஸ்த்ரோ' எனப்படும் சிறு உணவகங்கள் உண்டு. நெருக்கமாகப் போட்ட மேசைகள், கரும்பலகையில் எழுதிய அன்றைய உணவுப் பட்டியல், அக்கம்பக்கத்தாரின் பேச்சொலி ஆகியவையே அவற்றின் அடையாளங்கள். வெங்காய சூப்பும், திராட்சை மதுவில் மெல்ல வெந்த மாட்டிறைச்சியும் அங்கே பெயர் பெற்றவை. இன்று இத்தகைய உணவகங்கள் சிலவற்றில் அடுப்பருகே நிற்பவர் ஜப்பானியர்! அவர் வெண்ணெய்க் குழம்பில் 'மிசோ' என்னும் புளித்த சோயா விழுதைச் சிறிது கரைக்கிறார்; மீன் மீது 'யூசு' என்னும் நறுமணக் கனியின் சாற்றைப் பிழிகிறார்.

இந்நட்பு ஒரே நாளில் மலர்ந்ததன்று. ஜப்பானில் கி.பி. 675-இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை முதலியவற்றின் இறைச்சியை உண்பதற்குத் தடை விதித்தார். 1872-இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியானபோது நாடே வியந்தது. அதன்பின் அரசு விருந்துகளில் பிரெஞ்சு உணவு இடம் பெற்றது. 1960-இல் ஷிசுவோ த்சுஜி என்பவர் ஒசாகா நகரில் சமையற்கலைப் பள்ளி ஒன்றை நிறுவினார். அவர் முன்பு செய்தியாளராகப் பணியாற்றியவர். பிரான்சின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் பால் போக்யூஸ் அவரது அழைப்பை ஏற்று ஜப்பானுக்கு வந்தார். கற்பிக்க வந்தவரும் ஜப்பானியரிடம் கற்றுக்கொண்டே திரும்பினார் எனலாம்.

இவ்விரு சமையல்களும் எவ்வாறு இசைந்து போகின்றன? விடை சாற்றில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் எலும்பையும் வெங்காயத்தையும் காரட்டையும் பல மணி நேரம் சிறுதீயில் காய்ச்சிச் சாறு இறக்குவர். ஜப்பானியரோ 'கொம்பு' என்னும் உலர்ந்த கடற்பாசியை நீரில் இட்டுச் சூடாக்கி, கொதி வருமுன் எடுத்துவிடுவர். பிறகு உலர்ந்த சூரை மீனின் சீவலைத் தூவி வடிகட்டுவர். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்! ஆயினும் அந்த மீனை வேகவைத்து, புகையூட்டி, பதப்படுத்தி எடுக்க மாதக்கணக்கில் ஆகும். ஒருவர் அடுப்பில் செலவிடும் காலத்தை மற்றவர் அடுப்பேற்றுமுன்பே செலவிட்டு விடுகிறார், அவ்வளவே வேறுபாடு.

1908-இல் கிக்குனே இக்கேடா என்னும் அறிஞர் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் குளூட்டமேட் என்னும் பொருளே காரணம் என்று கண்டு, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். 1913-இல் அவருடைய மாணவர் கொடாமா, உலர்ந்த சூரை மீனில் இனோசினேட் என்ற பொருளைக் கண்டறிந்தார். இவ்விரண்டும் சேரும்போது சுவை பன்மடங்காகிறது. பிரெஞ்சுச் சாற்றிலோ காய்கறி முன்னதையும், இறைச்சி பின்னதையும் தருகின்றன. ஆம்! ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டு மக்கள் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே ஊரை அடைந்திருக்கின்றனர்.

ஆனால் கலப்பது எளிது. அளவறிந்து கலப்பதே அரிது. மிசோ ஒரு கரண்டி மிகுந்தால் வெண்ணெயின் மணம் மறைந்துவிடும். ஆகவே இரண்டையும் முறையாகக் கற்றவரே இரண்டையும் இணைக்க வல்லவர். நாகானோவில் பிறந்த கெய் கோபயாஷி, பிரான்சுக்குச் சென்று பிறருடைய சமையற்கூடங்களில் ஆண்டுக்கணக்கில் பணிசெய்து பழகிய பின்னரே, 2011-இல் பாரிஸில் தம் உணவகத்தைத் திறந்தார். 2020-இல் மிஷெலின் வழிகாட்டி நூலின் மூன்று நட்சத்திரங்களை அவர் பெற்றார். பிரான்சில் இச்சிறப்பை எய்திய முதல் ஜப்பானியர் அவரே.

தோழியரே! பிறரிடம் கற்பதால் நம்முடையது குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். ஜப்பானியர் கற்றனர், ஆனால் தம் கடற்பாசியை மறக்கவில்லை. பிரெஞ்சுக்காரரும் கற்றனர், தம் வெண்ணெயைத் துறக்கவில்லை. தன்னுடையதை நன்கறிந்தவரே பிறருடையதைத் துணிவுடன் ஏற்க முடியும். அடுப்பங்கரை நமக்குச் சொல்லும் இப்பாடம் வகுப்பறைக்கும் பொருந்தும் அன்றோ?