எந்த சீசனை அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டுவது?

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ஃபேஷன் டிசைன் படிக்கப் போவதாகச் சொன்னாள். என் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "தையல் படிக்கவோ பிள்ளை கனடாவுக்கு வந்தனாங்கள்?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ரொறன்ரோவில் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் பதினொரு வருஷம், பீஸ் கணக்குக்குச் சட்டைக் கொலர் தைத்தவர். அந்த முதுகுவலி இன்னும் போகவில்லை.

வாக்குவாதம் செய்து களைத்துப்போய், 'புரொஜெக்ட் ரன்வே' பழைய சீசன்களை மூன்று பேரும் சேர்ந்து பார்க்கத் தொடங்கினோம். 2004இல் அமெரிக்காவின் பிராவோ தொலைக்காட்சியில் தொடங்கிய போட்டி அது. துணி, காசு, நேரம் மூன்றும் அளவாகத்தான் கிடைக்கும். தைத்ததை மொடல் போட்டுக்கொண்டு நடந்து வர, நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். எல்லா சீசனும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். இல்லை.

முதல் சீசனின் முதல் போட்டியே சுப்பர்மார்க்கெட் சாமான்களில் உடுப்புச் செய்வது. ஒருவர் சோளப் பொத்தியின் மடலில் கவுண் செய்து அதில் வென்றார். அந்த நாட்களில் கமரா கையையும் கத்தரிக்கோலையும்தான் அதிகம் காட்டியது. ஆனால் அந்த சீசனை வென்ற ஜே மெக்கரோல், ஒப்பந்த நிபந்தனைகள் பிடிக்காமல் 1 லட்சம் டொலர் பரிசையே வேண்டாம் என்றுவிட்டார். "பாத்தியே, வெண்டாலும் கரைச்சல்தான்" என்றார் அம்மா.

தொழில் திறமைக்கு என்னுடைய வோட்டு 4ஆவது சீசனுக்கு. 21 வயதில் போட்டிக்கு வந்த கிறிஸ்டியன் சிரியானோ, மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் தைத்து முடிப்பார். பிறகு 2019இல் இதே நிகழ்ச்சிக்கு வழிகாட்டியாகவே திரும்பி வந்தார்.

2009இல் நிகழ்ச்சி லைஃப்டைமுக்குப் போனது. 2010இல் வந்த 8ஆவது சீசனில் இருந்து ஒவ்வொரு பகுதியும் ஒன்றரை மணித்தியாலம். கூடின நேரம் தையலுக்கா போனது? வாய்ச்சண்டைக்குத்தான். அந்த சீசனின் முடிவு இன்றும் பலருக்கு ஆறாத காயம். ஹைடி குளூமும் விருந்தினர் ஜெசிகா சிம்ப்சனும் மொண்டோ குவேராவின் பக்கம். மைக்கல் கோர்ஸும் நீனா கார்சியாவும் கிரெச்சன் ஜோன்ஸின் பக்கம். வென்றது கிரெச்சன். மொண்டோவின் நிறங்களில் மயங்கியிருந்த அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மகளுக்குப் பிடித்தது 14ஆவது சீசன். 2015இல் ஆஷ்லி நெல் டிப்டன், பருத்த உடம்புக்காரருக்கான உடுப்புகளை மட்டுமே இறுதி மேடையில் காட்டி வென்றார். மும்பையில் இருந்து வந்த ஒரு டிசைனரும் அந்தப் போட்டியில் இருந்தார். இன்று சாய்ஷா ஷிண்டே என்று அறியப்படுபவர்; 2021 மிஸ் யூனிவர்ஸ் ஹர்னாஸ் சந்துவின் முடிசூட்டு கவுணைச் செய்தவர். கடையில் தனக்கு அளவில்லை என்று வெறுங்கையோடு திரும்பும் பிள்ளைக்கு இந்த சீசன் வேறு மாதிரிப் படும்.

ஆனால் அம்மாவை அசைத்தது 2ஆவது சீசன். அதை வென்ற குளோயி டாவோ லாவோஸில் பிறந்தவர். குடும்பம் அகதிகளாக அமெரிக்கா வந்து ஹூஸ்டனில் குடியேறியது. வீட்டில் எட்டுப் பெண் பிள்ளைகள். போட்டிக்கு முன்பே சொந்தமாக உடுப்புக் கடை வைத்திருந்தார். வென்ற பிறகும் அதே ஊரில் அதே கடைக்குத்தான் திரும்பினார்.

அம்மா ரிமோட்டை வாங்கி நிறுத்தினார். திரையில் இருந்த தையலைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "இவள் நல்லா முடிச்சிருக்கிறாள். கடை இவளின்ரதானே?"

"ஓம் அம்மா."

எங்களுக்குத் தையல் என்றால் அடுத்தவரின் கடைக்கு, அடுத்தவர் சொல்லும் விலைக்கு. அம்மாவின் பயம் அந்தக் கூலியைப் பற்றியது. தொழிலைப் பற்றியதல்ல என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. உங்கள் வீட்டிலும் இதே சண்டை நடந்தால் 2ஆவது சீசனில் தொடங்குங்கள்.

மகள் இன்னும் விண்ணப்பம் அனுப்பவில்லை. அதற்கு முன் அம்மம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: ஒரு சட்டைக்கு ஒழுங்காகக் கொலர் வைத்துக் காட்ட வேண்டும். மூன்று தரம் பிரித்தாயிற்று.