கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதா? உலர் கண் நோயில் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' செய்யும் வேலை என்ன?

காலையில் பாடி மேம்பாலத்தில் புகையும் தூசியும் முகத்தில் அடிக்க பைக் பயணம். அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்க ஏசி, கம்ப்யூட்டர். ராத்திரி படுக்கையில் செல்போன். கண் எரிந்தால், 'உடம்பு சூடு' என்று சொல்லி தண்ணீரால் கழுவிவிட்டு விடுகிறோம். ஆனால், அது உலர் கண் நோயாகவும் இருக்கலாம்.

கண்ணீர் வெறும் தண்ணீரா?

இல்லை. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம், அதன் கீழே நீர், கண்ணோடு ஒட்டியபடி வழவழப்பான மியூசின். நீரில் வைட்டமின் சி, லாக்டோஃபெரின் போன்ற பாதுகாப்புப் பொருட்களும் உண்டு. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைக்கிறோம். ஸ்கிரீனை உற்றுப் பார்க்கும்போது இது பாதிக்கும் கீழே குறையலாம். அப்போது கண்ணீர் வேகமாகக் காய்ந்துவிடும்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால்?

செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது 'ஃப்ரீ ராடிக்கல்' போன்ற தீவிர மூலக்கூறுகள் உருவாகும். புகையும் புற ஊதாக் கதிரும் இவற்றைக் கூட்டும். ஆன்டிஆக்சிடென்ட்கள் இவற்றை அடக்கி வைக்கும். அடக்க முடியாத அளவுக்குப் பெருகிவிட்டால், அதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

கண்ணீர் காயக் காய, மிச்சம் இருப்பதில் உப்பு அடர்த்தி ஏறும். அது கண்ணின் மேற்பரப்பு செல்களை வதைக்க, ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகும். செல் சவ்வின் கொழுப்பு சிதையும், அழற்சி தொடங்கும், மியூசின் குறையும். விளைவு, கண்ணீர் இன்னும் சீக்கிரம் காயும். சுற்றிச் சுற்றி வரும் வட்டம் இது. கொழுப்பு சிதைந்ததற்கு அடையாளமான மலோன்டைஆல்டிஹைடு, உலர் கண் நோயாளிகளின் கண்ணீரில் அதிகம் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

'எனக்குத் தண்ணியா கொட்டுதே?'

அதுவும் உலர் கண்ணாக இருக்கலாம். எரிச்சலைத் தணிக்க சுரக்கும் அந்தக் கண்ணீர், கண்ணில் நிலையாகத் தங்காது. தண்ணீரால் கழுவுவதும் அப்படித்தான். கொஞ்ச நேர நிம்மதி, அவ்வளவுதான்.

மாத்திரை போட்டால் சரியாகுமா?

அமெரிக்காவில் 535 பேரிடம் நடந்து, 2018-ல் வெளியான 'ட்ரீம்' ஆய்வில், ஒரு வருடம் ஒமேகா-3 மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனவே, விளம்பரத்தை நம்பி காசைக் கொட்ட வேண்டாம்.

என்ன செய்யலாம்?

* 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரீனில் இருந்து பார்வையை விலக்கி, முழுசா கண்ணை மூடித் திறங்கள்.
* ஏசி, ஃபேன் காற்று நேராக முகத்தில் படாமல் உட்காருங்கள்.
* பைக்கில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.
* செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தை அடிக்கடி விட வேண்டியிருந்தால், பிரிசர்வேட்டிவ் இல்லாதது நல்லது.

முக்கியமாக, மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கி ஸ்டீராய்டு சொட்டு மருந்து போடாதீர்கள். எரிச்சல் சட்டென்று அடங்கும். ஆனால், மாதக்கணக்கில் தொடர்ந்தால் கண் அழுத்தம் கூடி, பார்வையையே பறிக்கும் குளுக்கோமா வரலாம். உறுத்தல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வலியோ பார்வை மங்கலோ இருந்தாலோ, உடனே கண் மருத்துவரைப் பாருங்கள்.