அறுந்த வாரில் ஊக்கு, இடுப்பில் பிளேட்!

முதியோரைக் கவிழ்க்கும் தேய்ந்த செருப்பு

கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினம். காலை 7 மணி. பால் வாங்கப் புறப்பட்ட 71 வயது மூதாட்டி நடுத்தெருவில் குப்புற விழுந்தார். வண்டி எதுவும் மோதவில்லை. யாரும் தள்ளிவிடவில்லை. நாய்கூடக் குறுக்கே ஓடவில்லை. காலில் கிடந்த ரப்பர் செருப்பின் வார் பிடுங்கிக்கொண்டது. அவ்வளவுதான். இடது பக்க இடுப்பு எலும்பு முறிந்தது.

அந்த மூதாட்டி வேறு யாரும் அல்ல. இந்தச் செய்தியை எழுதும் நிருபரின் ஆயாதான்.

செருப்பை எடுத்துப் பார்த்தேன். குமிழ் ஓட்டையை விட்டு வெளியே வராமலிருக்க அடியில் ஊக்கு குத்தியிருந்தது. குதிகால் பக்கம் அட்டை மாதிரித் தேய்ந்து, வெளி ஓரம் சரிந்து கிடந்தது. "புதுசு வாங்கிக்கோ ஆயா" என்று நான் சொல்லாத மாதம் கிடையாது. "எனுக்கு இன்னாத்துக்குடா புதுசு? இதுவே ரெண்டு மாசம் ஒழைக்கும்" என்பதுதான் பதில். செருப்பு ரெண்டு மாசம் உழைத்தது. ஆயா மூணு மாசம் படுத்தார்.

கொலை, கொள்ளை, லாரி விபத்து என்று எழுதிப் பழகிய எனக்கு, கால் தடுக்கி விழுவதெல்லாம் ஒரு செய்தியா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு வேறு. உலகில் ஆண்டுதோறும் கீழே விழுந்து சாகிறவர்கள் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர். விபத்துச் சாவுகளில் ரோடு விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். செத்தவர்களில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். பலருக்கு விழுந்த இடத்திலேயே உயிர் போவதில்லை. எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும்போது நுரையீரலில் சளி கட்டுகிறது, முதுகில் புண் வருகிறது, காலில் ரத்தம் உறைகிறது. அதுதான் ஆளைக் கொண்டுபோகிறது.

எப்படிக் கவிழ்க்கிறது?

ரப்பர் செருப்புக்குப் பின்வார் கிடையாது. அது கழன்று ஓடாமல் இருக்க விரல்களால் கவ்விக்கொண்டே நடக்க வேண்டும். வாலிபனுக்கு அது தெரியாது. எழுபது வயதில் விரல்களில் பிடிப்பு குறைந்துவிடும். அதனால் பெரிசுகள் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்கிறார்கள். செருப்பின் முனை ஒரு சின்னக் கல்லில் தட்டினால் போதும்.

தேய்ந்த அடிக்கு ஈரத் தரையில் பிடிப்பே இருக்காது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கணுக்கால் அந்தப் பக்கம் சாயும். பஸ் படியில் ஏறும்போது ஒற்றைச் செருப்பு நழுவி ரோட்டில் விழ, அதை எடுக்கக் குனிந்து விழுகிறவர்களும் உண்டு.

இன்னொரு அநியாயமும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. பேரன் போட்டுக் கழித்த ஒன்பதாம் நம்பர் செருப்பு, ஏழாம் நம்பர் கால் உள்ள தாத்தாவுக்கு வந்து சேருகிறது. "வீணாப் போவுதேன்னு போட்டுக்கினேன்" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாங்கித் தராத நாம்தான் குற்றவாளி. 1970-களில் அணுமின் நிலையக் கட்டுமான வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு இன்று வயது எழுபதைத் தாண்டியிருக்கும். வேலை நடக்கிற இடத்தில் பாதுகாப்பு ஷூ கட்டாயம். ரிட்டயர் ஆனபின் காலில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

மெத்தையும் ஆபத்து

சரி, நல்லதாக வாங்கித் தரலாம் என்று கடைக்குப் போனால், பஞ்சு மெத்தை மாதிரி ஒரு செருப்பை எடுத்து நீட்டுகிறார்கள். போட்டால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தரை மேடா, பள்ளமா என்று மூளைக்குத் தகவல் சொல்வது உள்ளங்கால். மெத்தை தடித்தால் அந்தத் தகவல் மங்கிப்போகும், தள்ளாட்டம் கூடும். அடி மெல்லிசாகவும் கெட்டியாகவும் இருந்தால் முதியோர் நிலையாக நிற்கிறார்கள் என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

அப்படியென்றால் சர்க்கரை நோயாளிக்கு 'டாக்டர் செருப்பு' எழுதிக் கொடுக்கிறார்களே? அது வேறு சங்கதி. உணர்ச்சி மரத்த காலில் அழுத்தம் பட்டால் புண் வரும். அதற்காக உள்ளே எம்.சி.ஆர். என்ற மெத்து ரப்பர், வெளியே கெட்டி அடி, பின்னால் வார். இந்த வகைச் செருப்பு முதலில் வந்தது தொழுநோயாளிகளுக்காக. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், மரத்த காலுக்கு ஏற்ற செருப்பைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்தார். நம்ம செங்கல்பட்டு திருமணியில் 1924-ல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை, 1955-ல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமானது. தொழுநோயாளிகளுக்கு அரசே எம்.சி.ஆர். செருப்பை இலவசமாகக் கொடுக்கிறது. சர்க்கரைக்காரர்கள் டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டுத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் சொல்லி அல்ல.

எதை வாங்குவது?

பின்வார் வேண்டும். மேலே ஒட்டுப்பட்டி இருந்தால் கால் வீங்கினாலும் தளர்த்திக்கொள்ளலாம். குதிகால் அகலமாக, ஒரு அங்குலத்துக்குள். அடியில் வரி வரியாகப் பள்ளம். வளைத்துப் பார்த்தால் விரல் பக்கம்தான் மடங்க வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம். சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று, கடைக்குள்ளேயே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆளைக் கூட்டிப் போகாமல் அளவு நூலோடு போவதில் பிரயோஜனம் இல்லை. புதுசு வாங்க வசதி இல்லையா? இருக்கிற தோல் செருப்புக்குத் தெருமுனைத் தொழிலாளியிடம் பின்வார் தைத்து, குதிகாலுக்கு அடி போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் செருப்பு போடுவது நம்மிடம் வழக்கம் இல்லை. அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஒரு ஆய்வில், வெறுங்காலோடும் வெறும் காலுறையோடும் இருந்த முதியோரே அதிகம் விழுந்தார்கள். அவர்கள் ஊர்ப் பழக்கம் வேறு, நம்ம காலும் வேறு என்று தள்ளினாலும், ராத்திரி ஈரமான பாத்ரூம் தரையில் வெறுங்கால் வழுக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. வீட்டுக்கென்றே ஒரு ஜோடி தனியாக வைக்கலாம். ஒப்புக்கொள்ளாத பெரிசுகளுக்குத் தரையைத் துடைத்து, பாசியைத் தேய்த்து, ஒரு விளக்கு போட்டு வையுங்கள்.

ஆயா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். பின்வார் வைத்த செருப்பு வாங்கித் தந்தாயிற்று. தெருவுக்குப் போட்டுக்கொண்டு போகிறார். ஆனால் போன வெள்ளிக்கிழமை திருக்கழுக்குன்றம் கோயிலுக்குக் கிளம்பும்போது காலைப் பார்த்தேன். அதே பழைய ரப்பர் செருப்பு. ஊக்கு மட்டும் புதுசு.

"ஏன் ஆயா?"

"கோயில் வாசல்ல புதுச உட்டுட்டு வந்தா எவனாவது தூக்கினு பூட மாட்டானா? நீதானடா டெய்லி திருட்டுக் கேசா எழுதுற!"