ஆறில் தொடங்கும் தலை
(நூல் பொம்மை: தொடர்ச்சி)

கொக்கி ஊசியும் நூல்வகைகளும் முந்தைய இதழ்களிலேயே முடிந்துவிட்டன. நூல் பொம்மைக்கான 'அமிகுருமி' என்ற ஜப்பானியச் சொல், பின்னலைக் குறிக்கும் 'அமி'யும் பஞ்சு திணித்த பொம்மையைக் குறிக்கும் 'நுயிகுருமி'யும் சேர்ந்து பிறந்தது என்பதைத் தொடர்ந்து படிப்போர் மறந்திருக்கமாட்டார்கள். இந்த வாரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது பொம்மையின் முகம். முகம் அமர்வதற்குத் தலை வேண்டும். தலையோ ஆறு என்ற எண்ணைத் தாண்டி நகர மறுக்கிறது.

நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்துக்குள் ஆறு கண்ணிகள் போட்டு, நூல்நுனியை இழுத்தால் நடுத்துளை சுருங்கி மூடிக்கொள்கிறது. இதைப் பின்னுவோர் மேஜிக் ரிங் என்பர். இங்கே கண்ணி என்பது சிங்கிள் குரோஷே, அதாவது கீழ்க்கண்ணிக்குள் ஊசியை நுழைத்து நூலை வெளியே இழுத்தபின், ஊசியில் நிற்கும் இரண்டு வளையங்கள் வழியாகவும் நூலை மீண்டும் ஒருமுறை இழுத்துவிடுவது. (அமெரிக்கர் சிங்கிள் என்பதையே பிரிட்டிஷார் டபுள் என்பதால், பழைய ஆங்கிலக் குறிப்பேட்டைப் பார்த்துப் பின்னிய பொம்மைக்குத் தலை நீண்டுபோனால் குற்றம் கையினுடையதாக இராது.)

அந்த ஆறு ஏன் ஐந்தாகவோ எட்டாகவோ இல்லை என்ற கேள்விக்குப் பள்ளிக் கணக்கிலேயே விடை இருக்கிறது. வட்டத்தின் ஆரம் ஓர் அலகு கூடினால் சுற்றளவு இரண்டு மடங்கு பை, அதாவது ஏறத்தாழ 6.28 அலகு கூடும். சிங்கிள் குரோஷே கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே ஆதலால், சுற்றுக்கு ஆறு கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் பின்னல் தட்டையாக விரிகிறது. பை என்ற பெயரையே கேட்டிராத கைகளும் இந்தக் கணக்கைப் பிசகின்றிப் போட்டுவந்திருக்கின்றன என்பது வியப்புக்குரியது.

கூட்டுவதை நிறுத்தியதும் தட்டு கிண்ணமாகிறது, குறைக்கத் தொடங்கியதும் கிண்ணம் பந்தாகிறது. 6, 12, 18 என 36 வரை ஏறி, ஆறு சுற்று மாறாமல் நின்று, அதே படிகளில் 6 வரை இறங்கினால் மொத்தம் 17 சுற்றுகள், 432 கண்ணிகள். ஒரு தலை முடிந்தது. கூட்டும் இடங்கள் சுற்றுக்குச் சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் மட்டும் உருண்டைக்குப் பதில் அறுகோணம் எட்டிப்பார்க்கும். எனவே அவற்றைச் சற்றே தள்ளிப்போட வேண்டும்.

கணக்கை வேண்டுமென்றே மீறினால் நேர்வது இன்னும் சுவையானது. அளவுக்கு மேல் கூட்டப்பட்ட பின்னல் தட்டையாகப் படிய இடமின்றி மடிந்து நெளிகிறது. லாத்வியாவில் பிறந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் டைனா டைமினா, எளிதில் கிழியும் காகித மாதிரிகளுக்கு மாற்றாக, 1997இல் இவ்வாறு பின்னித்தான் அதிபரவளைய வடிவத்தை, அதாவது எல்லா இடத்திலும் குதிரைச் சேணம்போல் வளையும் பரப்பை, கையில் பிடித்துப் பார்க்கச் செய்தார். மார்கரெட், கிறிஸ்டின் வெர்த்தைம் சகோதரிகள் 2005இல் அதே உத்தியால் பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கினர். மதுரை கே.கே. நகர் வாசிகளுக்குப் பவளப்பாறை தொலைவு என்றாலும், பக்கத்திலுள்ள மாட்டுத்தாவணி மலர்ச்சந்தையில் கூடை கூடையாக வந்திறங்கும் கோழிக்கொண்டைப் பூவின் விளிம்பில் அதே நெளிவைக் காணலாம்.

பயிற்சி என்பது இங்கே பெரும்பாலும் பிரிப்பதுதான். விளாச்சேரிக் களிமண் பொம்மை சூளையேறியபின் திருத்தத்துக்கு இடங்கொடாது. நூல் பொம்மையோ இழுத்தால் மீண்டும் நூலாகிவிடுவதால், முதல் ஆறு சுற்றுகளை மட்டும் பின்னிப் பிரித்துப் பின்னுகையில் கையின் இறுக்கம் சீர்ப்படுகிறது, பஞ்சு வெளியே தெரியாத அளவுக்குக் கண்ணிகள் நெருங்குகின்றன. பலமுறை பிரித்த பருத்தி நூலில் பிசிறு கிளம்பும் என்பதால் பழகுவதற்குத் தனியாக ஒரு நூல்கண்டு வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கண்டிலும் மதுரைக்குப் பங்குண்டு: ஹார்வி மில் என்று ஊரார் அழைத்த மதுரா மில்ஸ், 1974இல் ஜே. அண்ட் பி. கோட்ஸின் இந்தியக் கிளையுடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. ஆங்கர் நூல் அந்தக் குடும்பத்துச் சரக்கு.

முகம் இந்த வாரமும் தப்பித்துக்கொண்டது. தலையின் வாய் 12 கண்ணிகளாகக் குறுகுமுன் பஞ்சைத் திணித்தாக வேண்டும் என்பதால், போடி இலவம்பஞ்சு அடுத்த இதழில் முந்திக்கொள்கிறது. கண்ணும் மூக்கும் அதன்பின்.