தடுப்பு மருந்து போட்டும் கோழி சாவது ஏன்?

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து போட்ட பிறகும் சில இடங்களில் குஞ்சுகள் கழுத்து திருகி, இறக்கை தொங்கிச் சாகின்றன. மருந்து சரியில்லை என்று கோழி வளர்ப்போர் குறை கூறுகின்றனர். ஐஸில் வைக்காமல் கொண்டு வந்த மருந்து பலன் தராது என்பது உண்மையே. ஆனால் நல்ல மருந்தும் சில குஞ்சுகளிடம் பலிப்பதில்லை. அதற்குக் காரணம் குஞ்சின் உடலுக்குள்ளேயே இருக்கலாம்.

தடுப்பு மருந்து நோய்க் கிருமியைக் கொல்வதில்லை. வீரியம் குறைந்த கிருமியை இரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்கு அடையாளம் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. வெள்ளை அணுக்களில் ஒரு வகை, கிருமியை விழுங்கிச் செரித்துவிடும். இன்னொரு வகை, கிருமி புகுந்த உயிரணுக்களைத் தேடி அழிக்கும். 'பி' அணுக்கள் என்னும் வகையோ, கிருமியின் மீது ஒட்டி அதை முடக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. இதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பக்கத்து வீட்டுக் கோழி செத்த பிறகு மருந்துக்கு ஓடுவதில் பயனில்லாமல் போவது இதனால்தான்.

கோழிக்கு இந்த அணுக்கள் முதிர்வது, எச்சத் துவாரத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு சிறு பையில். இத்தாலிய அறிஞர் ஃபாப்ரீசியஸ் இதை 17-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்திருந்தார். ஆயினும் அது எதற்கென்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எவருக்கும் தெரியவில்லை. 1950-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், ஆராய்ச்சிக்காகச் சில குஞ்சுகளின் பையை அறுத்தெடுத்தார். பிறகு சாங் என்ற சக மாணவர், எதிர்ப்பொருள் உண்டாவதை வகுப்பில் காட்ட அக்கோழிகளை வாங்கிச் சென்றார். கிருமியை ஊசி மூலம் ஏற்றியும் பல கோழிகளில் எதிர்ப்பொருளே காணோம். பார்த்தால், அவை பை இல்லாத கோழிகள். 1956-இல் இந்த முடிவு ஒரு கோழியின ஆராய்ச்சி ஏட்டில் வெளிவந்தது. மனித வைத்தியத்திலும் வழங்கும் 'பி' என்ற எழுத்து, பையைக் குறிக்கும் 'பர்சா' என்ற சொல்லிலிருந்து வந்ததே.

கம்போரோ நோய்க் கிருமி தாக்குவது இந்தப் பையைத்தான். 3 முதல் 6 வார வயதில் தாக்கினால் குஞ்சு சோர்ந்து, வெளிறிய நீராகக் கழியும், சில சாகும். 3 வாரத்துக்கு முன்பே தாக்கினால் நோய்க்குறியே தெரியாமல் போகலாம். ஆனால் பாதிப்பு அதில்தான் அதிகம். குஞ்சு வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும். உள்ளே பை சுருங்கிப்போயிருக்கும். பிறகு எந்த மருந்து போட்டாலும் அதை ஏற்று வேலை செய்யப் போதிய அணுக்கள் இல்லை.

ஆகவே முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து விடுவதோடு நின்றுவிடாமல், இரண்டாம் வாரத்தில் கம்போரோ மருந்தும் கொடுத்தல் வேண்டும். எட்டாம் வாரத்தில் இறக்கைக்கடியில் போடும் வெள்ளைக்கழிச்சல் ஊசியையும் விடக்கூடாது. கம்போரோ கிருமி கொட்டகையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பழைய கூளத்தின் மேலேயே புதுக் குஞ்சுகளை விடுவது பணத்தை மிச்சம் பிடிப்பதாகத் தோன்றினாலும் நஷ்டத்துக்கே வழி.

இளங்குஞ்சு செத்தால் குப்பையில் எறிந்துவிடாமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். அறுத்து அந்தப் பையைப் பார்த்தாலே மருத்துவருக்குப் பாதி விவரம் தெரிந்துவிடும்.